வலது கால் மருந்து

எனக்குத் தே ஓ கோசோங் போதும் புவான், பாலும் வேண்டாம் சீனியும் வேண்டாம். எங்கள் வீட்டில் ஆளாளுக்குச் சர்க்கரை வியாதி. அதைப் பார்த்துப் பார்த்தே பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சீனியை விட்டுவிட்டேன். அத்தை இதற்காக என்னைக் கேலி செய்வார். "சீனியில்லாத தண்ணியக் குடிச்சிக் குடிச்சிதான்டி உன் வாயி இப்படிக் கசக்குது" என்பார். என் வாய் கசப்புதான். அதை மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

தமிழிலேயே சொல்லலாம் என்றீர்கள், நல்லதாகப் போயிற்று. மலாயிலும் ஆங்கிலத்திலும் என்னால் சொல்ல முடியும். ஆனால் அத்தை பேசியதெல்லாம் தமிழ். அதை வேறு மொழிக்கு மாற்றினால் அவர் ஒன்றும் தெரியாத அப்பாவிபோல ஆகிவிடுவார். செல்வராணி அத்தை அப்படிப்பட்டவர் இல்லை.

நேற்று ஜீவன் அத்தான் இந்தப் போலீஸ் நிலையத்துக்கு உங்களிடம் வந்து, தான் வாங்கிய பல்வலிக் கேப்சூல்தான் தன் அம்மாவைக் கொன்றுவிட்டது என்று அழுதிருக்கிறார். அது தவறு. அத்தை இறந்ததற்கும் அந்தக் கேப்சூலுக்கும் சம்பந்தம் இல்லை. அத்தையின் வலது கால் ஆறியதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இந்த இரண்டாவது விஷயத்தைச் சொல்லத்தான் நானாகக் கிளம்பி வந்தேன். முதலாவது அதோடு சேர்ந்து வருகிறது, அவ்வளவுதான்.

நான் செனாயில், காயத்துக்குப் போடுகிற கட்டுத்துணி தயாரிக்கும் ஒரு கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். அம்மாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை என்பதால் லாயாங் லாயாங்கில் அத்தை வீட்டில் வளர்ந்தேன். அத்தை பள்ளிக் கேண்டீனில் மீ கோரிங் பிரட்டியே மகனையும் என்னையும் ஆளாக்கினார். பிறகு ஜீவன் அத்தானுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்து எல்லாரும் உலு திராமுக்கு வந்தோம். அவர்கள் மூன்றாவது மாடி, நானும் அம்மாவும் கீழே.

என் வேலை என்னவென்று கொஞ்சம் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. ஆறாத புண்ணில் கிருமிகள் தனித்தனியாக இருப்பதில்லை. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, தங்களைச் சுற்றி ஒரு வழவழப்பைச் சுரந்து, அதற்குள்ளேயே குடித்தனம் நடத்தும். பயோஃபிலிம் என்று பெயர். அத்தையிடம் நான் 'பாசி' என்றுதான் சொன்னேன், தண்ணீர்த் தொட்டியில் பிடிக்கிற பாசி மாதிரி. அதன்மேல் ஆன்டிபயாட்டிக் போட்டால் தகரக் கூரையில் பெய்த மழைபோல ஓடிவிடும். உள்ளே இருப்பது சுகமாக இருக்கும். டாக்டர் மாத்திரையை மாற்றிக்கொடுப்பார். பிறகு விரலை எடுப்பார், பாதத்தை எடுப்பார், முழங்காலோடு எடுப்பார்.

நாங்கள் வெள்ளியைத் துகளாக்குகிறோம். தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராத துகள். அதன்மேல் இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் ஒரு பொருளைப் பூசினால், அது பாசிக்குள் நுழைந்து கிருமியின் மேல்தோலை ஓட்டை போட்டுவிடும். அந்தப் பூச்சு என் யோசனை. கண்ணாடித் தட்டில் பாசியை வளர்த்துச் சாயம் ஏற்றினால், உயிரோடிருக்கும் கிருமி பச்சையாகத் தெரியும், செத்தது சிவப்பாகத் தெரியும். முதல் தடவை நுண்ணோக்கியில் அந்தப் பச்சை முழுவதும் சிவப்பாக மாறியதைப் பார்த்தேன் புவான். அதைவிட அழகான ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

எலிகளுக்கும் ஆறியது. அதற்கு மேல்தான் கதவு சாத்தியிருந்தது. என் தலைவி டாக்டர் ஐலீன், ஜொகூர் பாருவில் தாத்தா காலத்திலிருந்து டாக்டர் குடும்பம். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். "ஷர்மினி, நீ நல்லா செய்ற லா, ஆனா ரொம்ப அவசரம்" என்றார். "எலிக்கப்புறம் பேப்பர். பேப்பருக்கப்புறம் கமிட்டி. கமிட்டிக்கப்புறம்தான் மனுஷன்."

"அதுக்குள்ள எத்தன பேரு காலு போகும் டாக்டர்?"

"அது நம்ம டிபார்ட்மென்ட் இல்ல மா" என்று சிரித்தார்.

அவர் வீட்டில் யாருக்கும் கால் போனதில்லை. எங்கள் அடுக்குமாடியில் மின்தூக்கி பழுதாகும் நாளில் யாரெல்லாம் கீழே இறங்க முடியாமல் மேலேயே நிற்கிறார்கள் என்று பாருங்கள், யாருக்கெல்லாம் கால் இல்லை என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் எங்கள் ஆட்கள். மருந்து போடக் கமிட்டி வேண்டுமாம். வெட்டுவதற்கு மட்டும் கத்தியும் ஒரு கையெழுத்தும் போதும். இதைக் கேட்டால் எனக்கு மரியாதை தெரியவில்லை என்பார்கள். எனக்குத் தெரிந்த மரியாதை இவ்வளவுதான்.

இப்போது அத்தையின் காலுக்கு வருகிறேன்.

எனக்கு வேலை நிரந்தரமானால் பூ மிதிப்பதாக அத்தை நேர்ந்திருந்தார். தீமிதி என்று அவர் வாயில் வராது. குழியில் கனிகிற நெருப்புக்கு எங்கள் வீட்டில் பூ என்றுதான் பெயர். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப்பார்த்தேன். சர்க்கரைக்காரர்கள் மிதிக்கக்கூடாது என்று கோயிலில்கூட ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அத்தை, "உனக்காகத்தான்டி வேண்டிக்கிட்டேன், உன் வேலையத் திருப்பிக் குடுத்துட்டு வா, நானும் நேத்திக்கடனத் திருப்பி வாங்கிக்கிறேன்" என்றார்.

குழியில் மற்றவர்களெல்லாம் ஓடினார்கள். அத்தை நடந்தார். கடைத்தெருவில் நடப்பதுபோல, நிதானமாக. சுற்றி நின்றவர்கள் குலவை இட்டார்கள். கரையேறியதும் என்னைக் கட்டிக்கொண்டு, "சுடவே இல்லடி ஷர்மி. நெசமாவே பூவு மாதிரிதான் இருந்துச்சி. ஆத்தா கையில ஏந்திக்கிட்டா" என்றார். பெண்கள் அவர் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். சர்க்கரை அவர் பாதத்து நரம்புகளை எப்போதோ தின்று முடித்துவிட்டது என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். வலிக்கிறவன் ஓடுவான். வலிக்காததால் அத்தை நடந்தார், நடந்ததால் இரண்டு உள்ளங்காலும் ஒரே ஆழத்துக்கு வெந்துபோயின.

கிளினிக்கில் கழுவிக் கட்டி மாத்திரை கொடுத்தார்கள். நாற்றம் வந்தது. விளிம்பில் அந்த வழவழப்பு வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று ஜீவன் அத்தான் கெஞ்சினார். அத்தை அசையவில்லை. "அங்க போனா முழங்காலோட எடுத்துட்டுத்தான் அனுப்புவாங்க. இவ எலிக்குப் போடுற மருந்து இருக்குல்ல? அத எனக்குப் போடட்டும். நான் என்னா எலிய விடக் கேவலமா?"

எழுதிக்கொள்ளுங்கள் புவான். கேட்டது அவர். நான் யாரையும் ஏமாற்றி மருந்து போடவில்லை.

ஆய்வுக்கூடத்திலிருந்து துகள் கரைசலைச் சின்ன போத்தலில் எடுத்துவந்தேன். அது திருட்டு என்றால் அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். நான் செய்த பொருளை நான் எடுத்தேன். வேலை முடிந்து தினமும் மேலே போய்ப் புண்ணைக் கழுவி, கரைசலைத் தெளித்து, கட்டி, கட்டுவதற்கு முன் படம் எடுத்துக்கொள்வேன். ஜீவன் அத்தான் விடியும் முன் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் போய் இருட்டிய பிறகு வருகிறவர். "நீ படிச்சவ, நீ பாத்துக்க ஷர்மி" என்று முழுப் பொறுப்பையும் என்னிடம் விட்டார். "இப்படியே வெள்ளிய ஊத்திக்கிட்டு இருந்தா, கடைசில அம்மா கால அடகுக் கடையிலதான் வெக்கணும்" என்று சிரிப்பார். அத்தை, "அடகு வெச்சா மீட்குற புத்தி ஒனக்கு இருக்காடா?" என்பார். மூன்று பேரும் சிரிப்போம். நல்ல நாட்கள்தான் அவை.

வலது கால் ஆறியது. முதலில் நாற்றம் போனது. பிறகு வழவழப்பு உரிந்து, அடியில் குழந்தையின் ஈறு போலச் சிவந்த சதை வந்தது. ஓரத்திலிருந்து தோல் மூடிக்கொண்டு வந்தது. படங்கள் என் கைப்பேசியில் இருக்கின்றன, பாருங்கள். எந்த ஆஸ்பத்திரியில் வேண்டுமானாலும் காட்டுங்கள்.

இடது காலைப் பற்றி இப்போது கேட்பீர்கள்.

ஒரு மருந்து வேலை செய்தது என்று எப்படித் தெரியும் புவான்? புண் தானாகவே ஆறியிருக்கலாம். சாப்பாடு மாறியதால் ஆறியிருக்கலாம். ஆகவே மருந்து போட்ட புண்ணுக்குப் பக்கத்தில் மருந்து போடாத புண் ஒன்று வேண்டும். மற்றதெல்லாம் ஒன்றாக இருக்கவேண்டும். இரண்டு மனிதர்களை எடுத்தால் வயது வேறு, சர்க்கரை வேறு, தூக்கம் வேறு. யார் எப்படிக் கூட்டிக் கழித்தாலும் சந்தேகம் வரும். இங்கே ஒரே உடம்பு, ஒரே ரத்தம், ஒரே நெருப்பு, ஒரே நடை. உலகத்தில் எந்த ஆய்வாளருக்கும் இப்படி ஒன்று அமையாது. டாக்டர் ஐலீனுக்கு அவர் ஆயுசுக்கும் அமையாது. எனக்கு என் வீட்டிலேயே அமைந்தது.

இடது காலுக்கு வெறும் உப்புநீர். எங்கள் கரைசல் மஞ்சளாக இருக்கும் என்பதால், உப்புநீரில் துளி கேசரித் தூள் கலந்தேன். முதலில் சமையல் மஞ்சளைத்தான் நினைத்தேன். மஞ்சளுக்குக் கிருமியைக் கொல்லும் குணம் உண்டு, அது நேர்மையான ஒப்பீடு ஆகாது என்று விட்டுவிட்டேன். இரண்டு காலையும் ஒரே மாதிரிதான் கழுவினேன், ஒரே துணியால்தான் கட்டினேன். எதிலும் பாரபட்சம் காட்டவில்லை.

எந்தக் காலுக்கு எது என்பதைக்கூட நான் முடிவு செய்யவில்லை. அத்தையைத்தான் கேட்டேன். "எந்தக் கால்ல மொதல்ல போடலாம் அத்தை?"

"இது என்னாடி கேள்வி. வலது காலுதான்."

வீட்டுக்குள் நுழைவதானாலும் பஸ் ஏறுவதானாலும் வலது காலை முன்னால் வைக்கிற ஆட்கள் நாங்கள். அவர் யோசிக்கவே இல்லை. நான் 'மொதல்ல' என்று கேட்டேன், 'மட்டும்' என்று கேட்கவில்லை. அந்த ஒரு வார்த்தையில் தவறு உண்டு என்றால், உண்டு. ஆனால் தேர்ந்தெடுத்தது அவர்.

வலது கால் தேறத் தேற இடது கால் கறுத்தது. நாற்றம் கூடத்துக்கு வந்து, பிறகு வாசல்வரைக்கும் வந்தது. பக்கத்து வீட்டுக் கருப்பாயி அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு, "செத்த எலி எங்கயோ கெடக்குது போல" என்று அலமாரிக்கு அடியில் தேடினார். அத்தைக்கு நரம்பு செத்திருந்ததால் வலி தெரியவில்லை. ஆனால் கண் இருந்தது, மூக்கு இருந்தது. ஒருநாள் கட்டு மாற்றும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஷர்மி, ரெண்டும் ஒரே மஞ்சளா இருந்தாலும், வலது காலுக்கு ஊத்துற அந்தப் போத்தல் மருந்துதான் நல்லா கேக்குது. இந்தக் காலுக்கும் அதையே போடேன்மா."

போத்தல் என் கைப்பையில் இருந்தது. பாதிக்கு மேல் இருந்தது. இரண்டு காலுக்கும் தாராளமாகப் போதும்.

"அது வலது காலுக்கே பத்தாது அத்தை. புதுசு செய்யணும்" என்றேன்.

அத்தை என் கையை விட்டுவிட்டார். "சரி, சரி. நீ இதுக்குப் போயி மொகத்த அப்படி வெச்சிக்காத. ஒண்ணு நல்லாயிருச்சில்ல. ஒண்டிக் கால்ல நின்னாவது உன் கல்யாணத்துக்குச் சமைச்சிருவேன்" என்றார்.

அந்த இடத்தில் நான் மனம் மாறியிருக்கவேண்டும் என்று நினைக்கிறீர்கள், உங்கள் முகத்தில் தெரிகிறது. மாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரண்டு காலும் ஆறியிருக்கும். அத்தை நடந்திருப்பார். ஆத்தா குணமாக்கினாள் என்று கோயிலில் சொல்லியிருப்பார், மாத்திரை குணமாக்கியது என்று கிளினிக்கில் சொல்லியிருப்பார்கள். என் துகளைப் பற்றி ஒருவர் வாய்திறந்திருக்கமாட்டார். கமிட்டி வந்து, யாரோ ஒரு பெரிய ஆள் செய்து, பெயர் வாங்கி, அந்த மருந்து எங்கள் அடுக்குமாடிக்கு வந்து சேரும்போது அங்கே கால்களே மிஞ்சியிருக்காது. ஒரு காலை வைத்து அத்தனை கால்களைக் காப்பாற்றலாம் என்று கணக்குப் போட்டேன். ஒரு கால் மட்டும்தான் போகும் என்று நினைத்தேன். ரத்தம் இரண்டு காலுக்கும் பொதுவானது என்பதை நான் மறக்கவில்லை. அது இவ்வளவு சீக்கிரம் ஏறும் என்று எதிர்பார்க்கவில்லை.

அத்தைக்குக் குளிர்நடுக்கம் வந்தது. ஜீவன் அத்தான் ஆம்புலன்சைக் கூப்பிடக் கைப்பேசியை எடுத்தார். சாதாரணக் காய்ச்சல்தான், ஊரெல்லாம் இருக்கிறது, மாத்திரை கொடுத்தால் இறங்கிவிடும் என்று சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊசி வழியாக ஆன்டிபயாட்டிக் ஏற்றுவார்கள். அதற்குப் பிறகு எது எதனால் ஆறியது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. வலது பாதத்தில் ஓரமாகக் கொஞ்சம்தான் மூட வேண்டியிருந்தது. அந்த வாரம் முடிந்தால் போதும், பிறகு நானே அழைத்துப் போயிருப்பேன். ஜீவன் அத்தான் கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டார். நான் படித்தவள் அல்லவா.

வாரம் முடியவில்லை. அத்தைக்கு நினைவு தப்பியபோது கருப்பாயி அக்காதான் ஆம்புலன்சைக் கூப்பிட்டார். ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது, இடது காலை உடனே எடுக்கவேண்டும் என்றார்கள். எடுப்பதற்கும் நேரம் இருக்கவில்லை.

சவப்பெட்டிக்குள் அத்தைக்குப் பட்டுச்சேலை கட்டி, பாதம்வரை துணி போர்த்தியிருந்தார்கள். எல்லாரும் தலைமாட்டில் அழுதுகொண்டிருந்தார்கள். நான் கால்மாட்டுக்குப் போய் வலது பாதத்துத் துணியை விலக்கிப் படம் எடுத்தேன். ஓரம் மூடிவிட்டிருந்தது, முழுதாக. ஒரு பொட்டுப் புண் இல்லை. நான் நிமிர்ந்தபோது ஜீவன் அத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என்னைப் பின்பக்கப் படிக்கட்டுக்கு இழுத்துப்போய், குழந்தைபோல விம்மினார். "உன்கிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன் ஷர்மி. என் பல்லுக்கு வாங்குன கேப்சூல அம்மா கேட்டாங்க. தெனம் காலையில ஒடச்சி, தூள அந்த வலது கால்ல தூவிக்கிட்டாங்க. எடது முட்டி அவங்களுக்கு மடங்காதுல்ல, அந்தக் காலுக்குக் கை எட்டல. ஷர்மி மருந்துக்கு இது ஒத்தாசையா இருக்கட்டும், அவ மருந்து ஜெயிக்கணும், அவகிட்ட சொல்லாத, கோவிச்சுக்குவான்னு சொன்னாங்க. அதுதான் விஷமாயிருச்சா?"

ஆன்டிபயாட்டிக் கேப்சூலை உடைத்துப் புண்ணில் தூவுவது எங்கள் ஆட்களின் பழைய வழக்கம். சின்ன வயதில் என் முட்டிக் காயத்துக்கும் அத்தை அப்படித்தான் தூவுவார். நான் அதை யோசித்திருக்கவேண்டும். கட்டு சில நாள் தளர்ந்திருந்ததைப் பார்த்தேன், தூக்கத்தில் புரண்டிருப்பார் என்று விட்டுவிட்டேன். இந்த விவகாரத்தில் நான் செய்த பிழை அது ஒன்றுதான்.

எனக்கு அப்போது அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. ஜீவன் அத்தானின் கேள்வியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். நேற்று உங்களிடம் அழுதுவிட்டு, அவர் அதையே ஆஸ்பத்திரி டாக்டரிடமும் போய்க் கேட்டிருக்கிறார். அந்த டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? கேப்சூல் தூவிய கால்தான் ஆறியிருக்கிறது, இரண்டு காலுக்கும் தூவியிருந்தால் பிழைத்திருப்பார் என்று. பாசிக்குள் கேப்சூல் தூள் போகாது என்பதுகூடத் தெரியாத ஓர் ஆள், என் வலது காலைத் தூக்கி ஒரு பல்வலி மருந்துக்குக் கொடுத்துவிட்டார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். வலது காலை ஆற்றியது என் துகள். இடது காலுக்கு மருந்து கொடுக்காதது நான், ஆஸ்பத்திரிக்குப் போகவிடாததும் நான். அத்தையைக் கொன்றது நான்தான், ஜீவன் அத்தான் இல்லை.

ஆனாலும் ஆய்வுகளைச் சரிபார்க்கிற ஒருவர் இந்தப் படங்களைப் பார்த்தால், கேப்சூல் கலந்துவிட்டது, இது செல்லாது என்றுதான் சொல்வார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்வேன். இன்னொரு முறை செய்து காட்டாமல் யாரும் நம்பமாட்டார்கள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது என் அம்மா. தனியாகப் போகவேண்டாம் என்று கூடவே வந்தார். படியில் எனக்கு முன்னால் ஏறும்போதுதான் கவனித்தேன், இரண்டு குதிகாலிலும் ஒரே மாதிரி வெடிப்பு, ஓரத்தில் லேசாக வழவழப்புத் தெரிகிறது. அவருக்கும் சர்க்கரைதான். இடுப்பு எலும்பு உடைந்ததிலிருந்து அம்மாவால் குனிய முடியாது. எந்தக் காலுக்கும் கை எட்டாது.

நான் எப்போது வீட்டுக்குப் போகலாம், புவான்?